ஐப்பசி மீன்பாட்டில் ஐஸைக் குறைக்காதீர்கள்

மழை பிடித்து வாடைக் காற்று வீசத் தொடங்கியதும் படகில் ஏறும் ஐஸ் குறைந்துவிடும். கோடையில் இரண்டு பார் (பெரிய ஐஸ் கட்டி) ஏற்றியவர்கள், "வெயில்தான் இல்லையே" என்று ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்தக் கணக்கு தவறு. குளிர்ந்திருப்பது காற்றுதான், கடல் அல்ல. அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் தமிழகக் கரையோரக் கடல்நீர் பெரும்பாலும் 28 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. வலையில் மாட்டிச் செத்த மீன் கிடப்பது அந்த வெதுவெதுப்பான நீரில்தான்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் உண்டு. சூரையில் அது மிக அதிகம். மீன் செத்ததும் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் சதைக்குள் பரவி அதை ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றும். உருவான ஹிஸ்டமின் பிறகு எதற்கும் அசையாது. குழம்பில் கொதித்தாலும் எண்ணெயில் பொரிந்தாலும் உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். நாற்றத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. முகர்ந்தால் நல்ல மீன்போலவே இருக்கும். அன்று விலைபோகாத சூரையை மறுநாள் கருவாட்டுக்கு ஒதுக்குவதும் ஆபத்துதான். உப்பு அடுத்த கெடுதலைத் தடுக்குமே தவிர, முந்தைய நாள் சேர்ந்த ஹிஸ்டமினை எடுக்காது. சங்கரா, களவா போன்றவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

காற்றோ நீரோ 28.3 டிகிரிக்கு மேல் இருந்தால், சூரை, கானாங்கெளுத்தி போன்ற ஹிஸ்டமின் சேரும் மீன்கள் செத்த 6 மணி நேரத்துக்குள் ஐஸில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். படகில் ஏறிய நேரத்திலிருந்து அல்ல, செத்த நேரத்திலிருந்து. செவுள் வலை (மீனின் செவுள் கண்ணியில் மாட்டும் வலை) விடுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். மாலை 6 மணிக்கு வலை விட்டு, 7 மணிக்கு ஒரு சூரை மாட்டிச் செத்தால், இரவு 1 மணிக்கு வலை ஏறும்போதே அதற்கான நேரம் முடிந்துவிட்டது. அதன்பின் எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் போன நேரம் திரும்பாது. வலை நீரில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதே வழி. முடியாவிட்டால் நடுவில் ஒருமுறை வலையைப் பார்த்து மீனை எடுத்துவிடுங்கள். ஏறும்போதே விறைத்துக் கிடக்கும் மீனைத் துடிக்கிற மீனோடு கலக்க வேண்டாம். தூண்டிலில் உயிரோடு ஏறும் சூரைக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதன் நேரம் நம் கையில் இருக்கிறது.

எவ்வளவு ஐஸ்? 29 டிகிரியில் இருக்கும் 100 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர மட்டும் ஏறக்குறைய 30 கிலோ ஐஸ் உருகும். மீதி ஐஸ், பெட்டியின் சுவர் வழியாகவும் மூடியைத் திறக்கும்போதும் நுழையும் வெப்பத்தைத் தாங்குவதற்கு. ஆகவே நம் கடலில் கிலோவுக்குக் கிலோ என்பதே சரியான அளவு, ஐப்பசியிலும்.

ஐஸைப் பொடியாக உடையுங்கள். பெரிய கட்டி மீனில் அங்கங்கேதான் தொடும், தொடாத இடம் சூடாகவே இருக்கும். பெட்டியின் அடியில் நாலு விரல் கனத்துக்கு ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, பக்கச் சுவருக்கும் மீனுக்கும் நடுவிலும் ஐஸைத் திணியுங்கள். அடித்துளை திறந்திருக்கட்டும், இரத்தம் கலந்த உருகுநீர் தேங்கினால் கீழ் வரிசை மீன் அதில் ஊறும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற சிறு மீனுக்கு ஐஸ் கரைசல் இன்னும் நல்லது: இரண்டு பங்கு பொடி ஐஸ், ஒரு பங்கு கடல்நீர், துளையை அடைத்துவிட வேண்டும். கடல்நீரை வெளிக்கடலிலேயே மொண்டுகொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் கழிவு கலந்திருக்கும். கரையிலிருந்து தூண்டில் போடுவோர் உறைந்த தண்ணீர்ப் பாட்டில்களை மட்டும் பெட்டியில் போட்டால் போதாது. கொஞ்சம் கடல்நீரும் ஊற்றினால்தான் குளிர்ச்சி மீன் முழுவதும் பரவும்.

பெரிய சூரையை முழுதாக ஐஸில் வைத்தால் நடுச்சதை குளிர வெகுநேரம் ஆகும். உடனே இரத்தத்தை வடித்து, செவுளையும் குடலையும் எடுத்து, கழுவி, வயிற்றுக்குள் ஐஸை நிரப்புங்கள். குடல் கிழிந்து சதையில் பட்டுவிட்டால் எடுத்ததன் பயன் போய்விடும், அதனால் கத்தி ஆழமாக இறங்கக் கூடாது.

வாங்குவோருக்கும் ஒன்று: மசாலா தடவிய மீனை அடுப்படியில் மணிக்கணக்கில் வைக்காமல் ஃபிரிட்ஜில் ஊற விடுங்கள். ஃபிரீசரிலிருந்து எடுத்ததையும் ஃபிரிட்ஜிலேயே இளக விடுங்கள்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து எரிதல், தலைவலி, தடிப்பு, படபடப்பு, வயிற்றுப்போக்கு வந்தால் ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கலாம். வாயில் வைத்ததுமே மிளகுக் காரம்போல் உறைத்தால் அப்போதே துப்பிவிடுங்கள். இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். காசநோய்க்காக ஐசோனியசிட் மாத்திரை எடுப்பவர்களின் உடல் ஹிஸ்டமினை எளிதில் சிதைக்காது, அவர்களுக்குத் தொல்லை தரக் குறைந்த அளவு ஹிஸ்டமினே போதும். ஹிஸ்டமின் நஞ்சு மீன் ஒவ்வாமை என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. என்ன மீன், எப்போது சாப்பிட்டீர்கள், கூடச் சாப்பிட்டவர்களுக்கும் வந்ததா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மிச்சத் துண்டு இருந்தால் கொட்டிவிடாமல் உறைய வையுங்கள், பரிசோதனைக்கு அதுதான் வேண்டும்.