படுத்தால் கூடுகிற இடுப்பு வலி

விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் மலை இறங்கியதும் "இடுப்பு விட்டுப்போச்சு" என்பார்கள். அளவுக்கு மேல் ஆளை ஏற்றி அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் தூக்கிப் போட்டால் யாருக்குத்தான் வலிக்காது? அதனால் இங்கே இடுப்பு வலியை ஒரு நோயாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

என்னிடம் வந்த 67 வயதுப் பெரியவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். நான்கு மாதமாகத் தைலம். நடுவில் குமுளியில் உழிச்சல் என்கிற எண்ணெய் மசாஜ் வேறு. "படுத்தா கொறையுதாய்யா?" என்று கேட்டேன்.

"படுத்தாத்தான் சார் கூடுது. நடுச்சாமத்துல எந்திரிச்சு உக்காந்துக்கிறேன்."

எனக்கு அது உறுத்தியது. உழைத்து வந்த வலி பெரும்பாலும் படுத்தால் அடங்கும். மருமகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முன்னெல்லாம் ரோட்டோரம் நின்னா தள்ளிப் போயி விழும். இப்பச் செருப்பு மேலயே விழுகுது."

ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி இருக்கிற சுரப்பிதான் புராஸ்டேட். அது சுரக்கிற ஒரு புரதத்தை ரத்தத்தில் அளப்பது பி.எஸ்.ஏ. பரிசோதனை. அதில் அளவு 4-ஐத் தாண்டினாலே யோசிப்போம். அவருக்கு நூற்றுக்கணக்கில் இருந்தது. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது.

உடனே பயந்துவிடாதீர்கள், அப்புறம் நாளைக்கே பாதிக் கம்பம் என் வாசலில் நிற்கும்! மூத்திரம் மெதுவாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வயதானால் அந்தச் சுரப்பிக்கு வருகிற சாதாரண வீக்கம்தான். அது மூத்திரக் குழாயை ஒட்டி உள்பக்கம் வளர்வதால் சீக்கிரமே இறுக்கும். புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பக்கத்தில் தொடங்குகிறது. ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் இருக்காது. பி.எஸ்.ஏ.வும் கிருமித்தொற்றிலோ சாதாரண வீக்கத்திலோ ஏறலாம். அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு கட்ட மாட்டோம். ஆசனவாய் வழியாக விரல் விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்போம். இதைச் சொன்னதும் எழுந்து போனவர்கள் உண்டு. ஒரு நிமிட வேலைதான். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ., பிறகு சதைப் பரிசோதனை.

மூத்திரத்திலோ விந்திலோ ஒரு தடவை ரத்தம் வந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், காட்டிவிடுங்கள். முதுகு வலியோடு கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, மூத்திரம் அடைத்தாலோ அன்றைக்கே தேனியோ கோட்டயமோ, எது பக்கமோ அந்த மருத்துவக் கல்லூரிக்கு ஓட வேண்டும். தண்டுவடம் நசுங்கினால் கால் விளங்காமல் போய்விடும்.

அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் 45 வயதிலேயே பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மற்றவர்கள் 50 வாக்கில் கேட்டால் போதும்.

ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி போட ஆரம்பித்த பிறகு, பெரியவர் இப்போது படுத்தே தூங்குகிறார். போன மாதம் 58 வயதுத் தம்பியையும் கூட்டி வந்திருந்தார். உட்கார்ந்ததும் தம்பி முந்திக்கொண்டார்: "எனக்கு எல்லாம் நல்லாத்தான் போகுது சார். அண்ணன்தான் இழுத்துட்டு வந்துட்டாரு."