இரும்பு அளவீடு பாட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்த உடனே தெளிவாக இருக்கும் தண்ணீர், வாளியில் சற்று நேரம் நின்றதும் மஞ்சளாகி அடியில் செம்பழுப்பு வண்டல் தங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நிலத்தடியில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் இடங்களில் இரும்பு ஃபெர்ரஸ் வடிவில் நிறமில்லாமல் கரைந்திருக்கும். காற்று பட்டதும் அது ஃபெர்ரிக்காக மாறி, ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். ஆய்வகத்துக்கு வரும் மாதிரிகளில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த மாற்றம்தான்.

சாதாரண பாட்டிலில் பிடித்து, இரண்டு மூன்று நாள் வைத்திருந்து கொண்டுவருகிறார்கள். அதற்குள் இரும்பில் பெரும்பகுதி பாட்டிலின் சுவரிலும் அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்து அளந்தால் முடிவு குறைவாகவே வரும். கருவி பொய் சொல்லவில்லை, அதற்குக் கொடுத்த நீரில் இருந்ததைத்தான் சொன்னது. ஆனால் அந்த எண்ணை நம்பி, வடிகட்டி தேவையில்லை என்று ஒரு குடும்பம் முடிவு செய்துவிடும்.

ஆகவே அமிலம் சேர்த்த பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். பி.எச். 2-க்குக் கீழே இருந்தால் இரும்பு கரைசலிலேயே நிற்கும். பாட்டிலைக் கழுவ வேண்டாம், நிரம்பி வழியவும் விட வேண்டாம், உள்ளே இருக்கும் அமிலம் போய்விடும். கையில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கிணற்று நீரின் தன்மை தெரிய வேண்டுமென்றால் சில நிமிடம் நீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். துருப்பிடித்த குழாயில் சந்தேகம் என்றால் காலையில் வரும் முதல் நீரே வேண்டும்.

ஆய்வகத்தில் நடப்பது அழகான வேதியியல். மாதிரியை அமிலத்தோடும், ஃபெர்ரிக்கை ஃபெர்ரஸாக மாற்றும் ஹைட்ராக்சிலமீனோடும் கொதிக்க வைத்தால், படிந்த இரும்பு கரைந்து முழுவதும் ஃபெர்ரஸாக மாறும். பி.எச். மாறாமல் தாங்கும் அமோனியம் அசிட்டேட் கரைசலையும், இரும்போடு சேர்ந்து நிறம் தரும் பினான்த்ரோலினையும் சேர்த்ததும், ஓர் இரும்பு அயனியை மூன்று பினான்த்ரோலின் மூலக்கூறுகள் பிடித்துக்கொள்ள, ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம் வரும். நிறம் முழுமையாக வரப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கருவியில், 510 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கிறோம். அளவு தெரிந்த கரைசல்களை வைத்து முன்பே வரைந்த நேர்கோட்டோடு ஒப்பிட்டால் செறிவு கிடைக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நிறம் வந்த கரைசலில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு இருந்தால், 1 செ.மீ. குவெட்டில் (கரைசலை ஊற்றி அளக்கும் தெளிவான சிறு குப்பி; செ.மீ. என்பது ஒளி கடக்கும் தூரம்) உறிஞ்சல் சுமார் 0.2 வரும். உலக சுகாதார நிறுவனம் இரும்புக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு வைக்கவில்லை, ஆனால் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போனால் துணியில் கறை படியும் என்கிறது. அந்த 0.3-க்கு உறிஞ்சல் வெறும் 0.06தான். குவெட்டின் மேல் ஒரு விரல்ரேகை, கரைசலில் லேசான கலங்கல் என்று எது இருந்தாலும் அந்த எண் ஆடிவிடும். கலங்கலான நீருக்குப் பினான்த்ரோலின் மட்டும் சேர்க்காமல் அதே மாதிரியை இன்னொரு முறை அளந்து கழிக்க வேண்டும். அமோனியம் அசிட்டேட்டிலேயே கொஞ்சம் இரும்பு இருக்கும். அதனால் இரும்பு சேர்க்காத வெற்றுக் கரைசலிலும், நேர்கோடு வரையப் பயன்படும் அளவு தெரிந்த கரைசல்களிலும் அதை அதே அளவு சேர்த்தே ஆக வேண்டும். குறைந்த செறிவுக்கு நான் 5 செ.மீ. குவெட்டையே எடுப்பேன், உறிஞ்சல் ஐந்து மடங்காகும்.

சரி, அறிக்கை கைக்கு வந்ததும் அதில் இருப்பது மொத்த இரும்பா, கரைந்த இரும்பா என்று பாருங்கள். கரைந்த இரும்பு வேண்டுமென்றால், மாதிரி எடுத்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, அதற்குப் பிறகே அமிலம் சேர்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் துகள்களும் கரைந்து கணக்கில் சேர்ந்துவிடும். சுத்திகரிப்பு முறையைத் தேர்ந்தெடுக்க இந்த வேறுபாடு அவசியம்: துகளாக இருப்பதை வடிகட்டினால் பெரும்பாலும் போதும், கரைந்திருப்பதை முதலில் காற்றூட்டியோ குளோரின் சேர்த்தோ படிய வைத்த பிறகுதான் வடிகட்ட முடியும்.