உடற்குறையுள்ள ஓட்டுநர் காரை மாற்றும்போது: பழைய வரிவிலக்கு புதிய காருக்குத் தானாக வராது

சிங்கப்பூரில் உடற்குறையுள்ள ஒருவர் பிழைப்புக்காகக் கார் ஓட்டியே ஆக வேண்டும் என்றால், நிலப் போக்குவரத்து ஆணையம் (எல்டிஏ) அவருக்கு ஒரு பெரிய சலுகை தருகிறது. அவர் பெயரில் பதிவாகும் காருக்கு சிஓஇ, அதாவது ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழுக்கான தொகை, கட்ட வேண்டாம். ஏஆர்எஃப் எனப்படும் கூடுதல் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டாம். இதற்கு உடற்குறையுள்ளோர் திட்டம் என்று பெயர். எல்டிஏ அலுவலர்கள் டிபிஎஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். அதே பெயரில் உள்ள டிபிஎஸ் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதல் கார் வாங்கும்போது எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள். படிவத்தை நாலு பேரிடம் காட்டி, மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி, பொறுமையாகக் காத்திருந்து வாங்குகிறார்கள். சிக்கல் வருவது இரண்டாவது காரில்தான். "ஏற்கெனவே எனக்கு விலக்கு இருக்கிறதே, காரை மட்டும்தானே மாற்றுகிறேன்" என்ற நினைப்பில் நேராக டீலர் கடைக்குப் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. விலக்கு உங்களுடைய நிலைமையைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. ஆனால் கொடுக்கப்படுவது ஒரு குறிப்பிட்ட காருக்கு. அந்தக் கார் போனால் அதன்மேல் இருந்த விலக்கும் அதோடு போகிறது. புதிய காருக்குப் புதிதாக அனுமதி வாங்க வேண்டும், அதையும் கையெழுத்துக்கு முன்பே வாங்க வேண்டும்.

இதில் எவ்வளவு பணம் புரளுகிறது என்று தெரிந்தால்தான் இந்த எச்சரிக்கையின் கனம் புரியும். ஒரு சின்னக் காரின் பொதுச் சந்தை மதிப்பு, அதாவது சுங்கத் துறை மதிப்பிடும் ஓஎம்வி, 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். முதல் 20,000 வெள்ளிக்கு ஏஆர்எஃப் 100 விழுக்காடு. ஆக அதுவே 20,000 வெள்ளி. அப்புறம் சிஓஇ. 2023 அக்டோபர் 18ஆம் தேதி முடிந்த ஏலத்தில், சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்டது. இரண்டையும் கூட்டினால் 126,000 வெள்ளி. காரின் அசல் மதிப்பைப்போல ஆறு மடங்குக்கும் மேல்! ஓஎம்வி 30,000 வெள்ளியாக இருந்தால் மேலே உள்ள 10,000க்கு 140 விழுக்காடு என்ற கணக்கில் ஏஆர்எஃப் மட்டும் 34,000 வெள்ளி ஆகிவிடும். மதிப்பு ஏற ஏற விகிதமும் 190, 250, 320 என்று ஏறிக்கொண்டே போகும். நடமாடச் சிரமப்படும் ஒருவர், வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பதற்காகவே இந்தத் தொகையைக் கட்டு என்று சொன்னால் அவர் எங்கே போவார்? அதனால்தான் இந்தத் திட்டம் இருக்கிறது. அது இருந்தே ஆக வேண்டும்.

சரி, அனுமதி யாருக்கு? மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர வேண்டும். உடலில் நிரந்தரமான குறை இருப்பதாக மருத்துவர் சான்று தர வேண்டும். விண்ணப்பிப்பவரே ஓட்டக்கூடியவராக, செல்லுபடியாகும் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். கார் அவருடைய பிழைப்புக்கு அவசியம் என்று காட்ட வேண்டும். மூன்றாவதைத்தான் நம் மக்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய ஒரு தமிழாசிரியர் ஈசூனிலிருந்து கிளம்பி செங்காங், பொங்கோல் என்று வீடு வீடாகத் துணைப்பாடம் எடுக்கிறார் என்றால், அவருக்குக் கார் ஏன் வேண்டும் என்று தனியாக விளக்கவே வேண்டாம். ஆனால் அவரிடம் நியமனக் கடிதம் இருக்காது. வருமான வரிக் கணக்கு, பாடம் எடுக்கும் வீடுகள், அன்றாட நேர அட்டவணை ஆகியவற்றை அவர்தான் எழுதி வைத்துக் காட்ட வேண்டும். முதலாளியிடம் வேலை செய்பவர் புதிய தேதியிட்ட கடிதம் வாங்கிக்கொள்ளலாம். முதல் காருக்குக் கொடுத்த பழைய கடிதத்தை மறுபடி நீட்டுவதில் பயனில்லை. இடையில் வேலை மாறியிருக்கலாம், நேரம் குறைந்திருக்கலாம், ஓய்வு பெற்றிருக்கலாம். உங்கள் நிலைமை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மருத்துவச் சான்றும் அப்படித்தான். குறை நிரந்தரமானது என்றாலும் உடம்பு அப்படியே நிற்பதில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் வலது கையில் இருந்த பலம் இன்று இல்லாமல் போயிருக்கலாம். புதிய கார் வாங்கும் சமயம், ஓட்டும் திறனை மறுபடி பார்த்துக்கொள்ள நல்ல சமயம். டான் டோக் செங் மருத்துவமனையில் இதற்கென்றே ஓட்டுநர் மதிப்பீடு, மறுவாழ்வுத் திட்டம் ஒன்று நடக்கிறது. செயல்வழிச் சிகிச்சையாளர் முதலில் அறைக்குள் பார்வை, கைகால் அசைவு, எதிர்வினை வேகம் எல்லாவற்றையும் சோதிப்பார். பிறகு சாலையில் ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். எந்த மாதிரியான கைக்கருவி, அதாவது காரைக் கையால் இயக்க உதவும் கருவி, உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல அவரைவிடத் தகுந்தவர் இல்லை. "சோதித்தால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்களோ" என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொருந்தாத கருவியோடு விரைவுச்சாலையில் ஏறுவது அதைவிடப் பெரிய பயம்.

அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் அதை வரி விடாமல் படியுங்கள். எந்தெந்தக் கட்டணம் விலக்கு, எவ்வளவு காலத்துக்கு, எந்த மாதிரிக் காருக்கு, என்ன நிபந்தனை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எந்தக் காரையும் எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம் சொல்லவில்லை. மாடலை மனத்தில் வைத்துக்கொண்டு அனுமதிக்குப் போகாதீர்கள். அனுமதியைப் பார்த்துவிட்டு மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

டீலர் கடையில் ஒரு வேலை இருக்கிறது. இங்கே விளம்பரத்தில் போடும் விலை பெரும்பாலும் சிஓஇயும் சேர்த்த விலை. உங்களுக்கு அது வேண்டாம். சிஓஇ, ஏஆர்எஃப் இரண்டையும் எடுத்துவிட்டு, மீதியைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பனையாளர் இந்தத் திட்டத்தில் ஒரு காரைக்கூட விற்றிருக்க மாட்டார் என்பதும் சகஜம். அப்படியென்றால் அவருடைய மேலாளரைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒப்பந்தத்தில், "எல்டிஏ அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுத்தில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கட்டிவிட்டு, அனுமதி தாமதமானபோது அதை மீட்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இனி பழைய கார். இங்கேதான் கணக்குத் தப்புகிறது.

சிங்கப்பூரில் காரை மாற்றும்போது எல்லாரும் முதலில் கேட்பது, "பேப்பர் வேல்யூ எவ்வளவு?" என்றுதான். சாதாரணமாகக் கார் வாங்கியவர் பத்து ஆண்டுக்குள் பதிவை ரத்து செய்தால், கட்டிய ஏஆர்எஃப்பில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். சிஓஇயில் மீதமிருக்கும் காலத்துக்கும் கணக்குப் போட்டுத் தருவார்கள். 100,000 வெள்ளி சிஓஇயில் நான்கு ஆண்டு மீதி இருந்தால் அதுவே சுமார் 40,000 வெள்ளி. பக்கத்து புளோக் நண்பர் அதை வைத்துத்தான் அடுத்த காருக்கு முன்பணம் கட்டியிருப்பார். விலக்கு பெற்ற காரில் ஏஆர்எஃப்பும் கட்டவில்லை, சிஓஇயும் கட்டவில்லை. கட்டாத பணம் எப்படித் திரும்ப வரும்? உங்கள் காருக்கு மிஞ்சுவது உடல் மதிப்பு மட்டும்: உதிரிப் பாகமாகவோ ஏற்றுமதிக்காகவோ வாங்குபவர் தரும் தொகை. ஆகவே அடுத்த காருக்கான பணத்தைப் பழைய காரிலிருந்து எதிர்பார்க்காமல் மாதாமாதம் தனியாகச் சேர்த்து வைப்பதுதான் ஒரே வழி. இதை முதல் கார் வாங்கும் நாளிலேயே யாராவது சொல்லிவிட்டால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

பழைய காரை உறவினருக்குக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். விலக்கு இல்லாத ஒருவர் பெயருக்கு அது மாறினால், விட்டுக்கொடுக்கப்பட்ட வரிகளின் கேள்வி எழும். பெயர் மாற்றத்துக்கு சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளத்தோடு நுழையும் முன், என்ன கட்ட வேண்டியிருக்கும் என்று எல்டிஏவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை மாற்றாமலே, மகன் தன் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போவதும் தவறு. உடற்குறையுள்ளவர் தானே ஓட்டிப் பிழைப்பு நடத்துவதுதான் இந்த விலக்கின் அடிப்படை. அதைக் குடும்பக் காராக்கினால், உண்மையிலேயே தேவைப்படும் அடுத்த விண்ணப்பதாரர்மீதும் சந்தேகம் விழும். இதை நான் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன்.

தேதிகளை நெருக்கி வைக்காதீர்கள். பழைய காரும் புதிய காரும் ஒரே சமயத்தில் விலக்கில் ஓடும் என்று எண்ணித் திட்டம் போட்டால், பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வராமல் சில வாரம் நடுவில் நிற்க நேரும். கையால் இயக்கும் பிரேக், ஆக்சிலரேட்டர், ஸ்டியரிங்கில் பொருத்தும் குமிழ், இடக்கால் மிதி போன்ற மாற்றங்கள் வேண்டுமென்றால் இன்னும் நாளாகும். பழைய காரின் கருவியைக் கழற்றி அப்படியே புதியதில் மாட்டலாம் என்று பட்டறையில் சொன்னாலும் உடனே சம்மதிக்க வேண்டாம். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தொடும் மாற்றத்துக்கு எல்டிஏ அனுமதி தனியாக வேண்டும். உங்கள் ஓட்டுநர் உரிமத்தில் "இன்ன மாற்றம் செய்த வாகனம் மட்டும்" என்று நிபந்தனை இருந்தால், புதிய கார் அதற்கு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். கருவி பொருத்தாத புதுக் காரைக் கடையிலிருந்து நீங்களே ஓட்டி வர முடியாது. அன்றைக்கு இன்னொரு ஓட்டுநரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பலர் மறந்துவிடுவது.

காப்புறுதியிலும் ஒரு வார்த்தை. செய்துள்ள மாற்றங்களையும், கார் விலக்கில் பதிவானது என்பதையும் காப்புறுதி நிறுவனத்திடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். விபத்தில் கார் முழுதாகச் சேதமானால் எந்த மதிப்பை வைத்து இழப்பீடு தருவார்கள், கைக்கருவியின் விலை அதில் சேருமா என்று கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கார் மாறினால் பெரும்பாலும் வாகன எண்ணும் மாறும். எண் மாறினால் வாகன நிறுத்துமிட வில்லையையும் கவனிக்க வேண்டும். உடற்குறையுள்ளோருக்கு ஒதுக்கிய அகலமான இடங்களில் நிறுத்த உதவும் இந்த வில்லையை, அவர்களுக்கான சேவை அமைப்பான எஸ்ஜி எனேபல் வழங்குகிறது. புதிய எண்ணை அங்கே தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும்; பழையதைப் புதிய கண்ணாடியில் ஒட்டி வைப்பது போதாது. தானே ஓட்டுகிறவருக்கு முதல் வகை வில்லை. உடற்குறையுள்ளவரை ஏற்றிச் செல்லும் குடும்பத்தாருக்கு இரண்டாம் வகை. அதில் ஒரு முறைக்கு 60 நிமிடம்தான் அந்த இடத்தில் நிறுத்தலாம். சாதாரண இடத்தின் அகலம் 2.4 மீட்டர், இந்த இடத்தின் அகலம் 3.6 மீட்டர். கதவை முழுதாகத் திறந்து சக்கர நாற்காலியை இறக்க அந்தக் கூடுதல் அகலம் தேவை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அந்த இடத்தைத் தேவையில்லாதவர் பிடித்துக்கொண்டால் நாற்காலிக்காரர் வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். வில்லை இருந்தாலும் நிறுத்துமிடக் கட்டணம் வழக்கம்போல் கட்ட வேண்டும்.

ஓட்ட முடியாத ஒருவரை மனைவியோ மகளோ காரில் அழைத்துப் போகும் வீடுகளுக்கு இந்த வரிவிலக்குப் பொருந்தாது. இதைக் கேட்டதும் பலர் முகம் வாடுகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அம்மாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிற மகளின் சுமையும் சுமைதானே. அவர்களுக்கு இரண்டாம் வகை வில்லை உண்டு. பொதுப் போக்குவரத்தில் போக முடியாதவர் வேலைக்கோ படிப்புக்கோ டாக்சியையே நம்பியிருந்தால், வருமானத்தைப் பொறுத்து அதற்கு மானியம் உண்டு. ஹேண்டிகேப்ஸ் வெல்ஃபேர் அசோசியேஷன் என்ற தொண்டு அமைப்பு சக்கர நாற்காலியை ஏற்றும் வண்டிகளை இயக்குகிறது. 2020 டிசம்பரிலிருந்து எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள், ரெட்ஹில் எம்ஆர்டி பக்கம் லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜுக்குப் போகலாம். எஸ்ஜி எனேபல் அங்கேதான் இருக்கிறது. வில்லை, மானியம் பற்றியெல்லாம் அங்கே கேட்கலாம். வரிவிலக்கில் முடிவெடுப்பது எல்டிஏ. வயதானவர் தனியாகப் போனால் படிவத்தின் ஆங்கிலத்தில் தடுமாறுவார், கூட ஒருவர் போங்கள். மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதியை முதலில் பிரித்து எடுத்து அடுத்த மருத்துவமனைச் சந்திப்புக்குக் கொண்டு போங்கள். அந்தத் தேதியை ஒருமுறை விட்டுவிட்டால் மறுபடி கிடைக்க நாளாகும்.