பாலித் தீவுக்குப் போகிறவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போக இந்தியர்கள் தூதரக வாசலில் வரிசையில் நிற்கத் தேவையில்லை என்பது உண்மைதான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பிப் புறப்பட்டுவிட்டு, விமான நிலையத்திலும் சாலைச் சோதனையிலும் ஊர் திரும்பிய பிறகு காப்பீட்டு அலுவலகத்திலும் விழித்து நின்றவர்கள் பலரை எனக்குத் தெரியும். உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துப் பழகியவன் என்பதால், பயணம் கெட்டுப்போனவர்கள் முதலில் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் விதியை வேண்டுமென்று மீறியவர்கள் அல்லர். விதி இன்னதென்று அவர்களுக்கு ஒருவரும் முழுமையாகச் சொல்லவில்லை.

முதற்குழப்பம் கட்டணத்தில் தொடங்குகிறது. பாலிக்குள் நுழையும் இந்தியப் பயணிக்கு மூன்று தனித்தனி வேலைகள் உள்ளன. ஒன்று, வந்திறங்கியதும் பெறும் விசா. இதற்குக் கட்டணம் இந்தோனேசிய நாணயத்தில் 5,00,000 ரூபியா. இதை விமான நிலையத்திலும் கட்டலாம், முன்கூட்டியே இணையத்திலும் பெறலாம். இரண்டாவது, பாலி மாநில அரசு 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்கும் 1,50,000 ரூபியா சுற்றுலா வரி. மூன்றாவது, 'ஆல் இந்தோனேசியா' என்ற வருகைப் படிவம். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இதை இணையத்தில் நிரப்ப வேண்டும், இதற்குக் கட்டணமே கிடையாது. விசா மத்திய அரசுக்கும் வரி மாநில அரசுக்கும் போவதால் ஒன்றைக் கட்டிய ரசீது மற்றொன்றுக்குச் செல்லாது. 'விசாவுக்குத்தான் பணம் கட்டிவிட்டோமே' என்று இருந்துவிட்டு, சுற்றுலாத் தலத்தின் வாசலில் வரிக்கான கியூஆர் சீட்டைக் கேட்டபோது திகைத்தவர்கள் உண்டு. வரி தலைக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்கப்படுவதால், குடும்பத்துக்கு ஒரு சீட்டு எடுத்தால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்த மூன்றுக்கும் போலி இணையதளங்கள் இருக்கின்றன. இலவசப் படிவத்துக்கு 'செயலாக்கக் கட்டணம்' கேட்கும் தளங்கள், தேடுபொறியில் அரசுத் தளத்துக்கு மேலே விளம்பரமாக வந்து நிற்கின்றன. இந்தோனேசிய அரசுத் தளங்களின் முகவரி 'கோ.ஐடி' (go.id) என்று முடியும். அப்படி முடியாத தளத்தில் பாஸ்போர்ட் எண்ணையும் அட்டை எண்ணையும் கொடுக்காதீர்கள். போலித் தளத்தில் பணம் போன பிறகு அரசு அலுவலகத்தில் முறையிட்டுப் பயனில்லை. அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் கட்டணமே கட்டாதவர்.

விசாவின் நாள் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த விசா தரும் 30 நாளில் வந்திறங்கிய நாளே முதல் நாள். சிங்கப்பூர் வழியாகவோ கோலாலம்பூர் வழியாகவோ இரவு பதினொன்றரைக்கு வந்து இறங்கினாலும் அந்த அரை மணி நேரம் ஒரு முழு நாளாக எண்ணப்படும். அனுமதிக்கப்பட்ட நாளைக் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 10,00,000 ரூபியா அபராதம், அதாவது ஒரே நாளுக்கு விசாக் கட்டணத்தின் இரு மடங்கு.

இனி எரிமலை. பாலியில் ஆகுங், பாட்டூர் என இரண்டு உயிருள்ள எரிமலைகள் உள்ளன. 1963இல் ஆகுங் வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தோனேசியாவில் எரிமலை எச்சரிக்கைக்கு நான்கு நிலைகள் உண்டு: நார்மல், வஸ்படா, சியாகா, அவாஸ். இவற்றில் அவாஸ் உச்சநிலை. விடுதிக்காரரும் வழிகாட்டியும் இந்தச் சொற்களைத்தான் பயன்படுத்துவார்கள் என்பதால் நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நிலை குறைந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டு மலை ஓய்ந்துவிட்டதாக முடிவு செய்துவிடக் கூடாது. 2017 செப்டம்பரில் ஆகுங்கின் நிலை அவாஸுக்கு உயர்த்தப்பட்டது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள், அக்டோபர் இறுதியில் நிலை ஒரு படி குறைக்கப்பட்டது. மலை நவம்பர் 21இல்தான் வெடிக்கத் தொடங்கியது.

அனுமதிச் சீட்டு கையில் இருப்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. மேற்குச் சுமத்ராவிலுள்ள மாராப்பி மலை 2023 டிசம்பர் 3 அன்று வெடித்து 24 பேர் இறந்தார்கள். எரிமலை ஆய்வாளர்கள் எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்று அறிவுறுத்தியிருந்த மலை அது. ஆனாலும் மலையேறுவோருக்கு அனுமதி வழங்கப்பட்டு வந்தது. ஒரு துறை போகாதே என்கிறது, இன்னொரு துறை சீட்டுக் கொடுக்கிறது. இப்படி இரு துறைகள் முரண்படும்போது போகாதே என்று சொல்லும் துறையின் பேச்சைக் கேளுங்கள். பாட்டூரில் சூரிய உதயம் பார்க்கக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்காது என்பதற்காக மலையேறுவதும் இதே தவறுதான். பாலி ஆளுநர் 2023இல் தீவின் 22 மலைகளிலும் ஏறத் தடை என்று அறிவித்தார். அதன் பிறகும் மலையேற்றம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே 'தடை இருக்கிறதா' என்று கேட்பதைவிட, அன்றைய எச்சரிக்கை நிலை என்ன, எத்தனை கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்று கேட்பதே பயனுள்ளது.

சாம்பல் விழும்போது சாதாரணத் துணி முகக்கவசம் போதாது. என்95 கவசம் இரண்டைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்வில்லை (கான்டாக்ட் லென்ஸ்) அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாற வேண்டும். மழைக்காலத்தில் மலையிலிருந்து சாம்பலும் பாறையும் கலந்த சேற்று வெள்ளம் ஆற்றுவழியே இறங்கும், அதைப் படம் எடுக்க ஆற்றங்கரைக்குப் போகவே போகாதீர்கள்.

சுற்றுலாப் பயணியின் பணத்தைப் பெரும்பாலும் கரைப்பது நெருப்புக் குழம்பு அல்ல, வானில் பரவும் சாம்பல். அது பாலி மலையிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. 2015 ஜூலையில் கிழக்கு ஜாவாவின் ராவுங் மலைச் சாம்பல் பாலி விமான நிலையத்தை மூட வைத்தது. 2025 ஜூனில் புளோரஸ் தீவின் லெவோதோபி மலை வெடித்தபோது, தில்லியிலிருந்து பாலிக்குப் புறப்பட்ட விமானம் நடுவழியில் திரும்பி வந்தது. இத்தகைய ரத்துகளுக்கு இழப்பீடு கேட்டு ஏறி இறங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். இயற்கைப் பேரிடரால் ஏற்படும் ரத்துக்கு விமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியே விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் இழப்பீடு வேறு, பயணச்சீட்டுப் பணம் வேறு. ரத்தான பயணத்துக்கு மாற்று விமானமோ பணமோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'இழப்பீடு கிடையாது' என்ற பதிலையே 'பணமும் கிடையாது' என்று புரிந்துகொண்டு அழைப்பைத் துண்டித்துவிடுபவர்கள் ஏராளம்.

முகவர் மூலம் சீட்டு எடுத்தவர்களின் அலைச்சல் தனி ரகம். விமான நிறுவனம் முகவரைக் கேட்கச் சொல்லும்; முகவர், நிறுவனத்திடமிருந்து பணம் இன்னும் வரவில்லை என்பார். முகவர் மூலமாகவோ இணையதளம் மூலமாகவோ வாங்கிய சீட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தினுடையதே என்று இயக்குநரக விதி சொல்கிறது. இதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசியதோடு நிறுத்தாதீர்கள். பதில் வராவிட்டால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் 'ஏர்சேவா' தளத்தில் புகாரைப் பதியுங்கள். வெளிநாட்டு விமான நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படியே பணம் திருப்பித் தரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சென்னை – கோலாலம்பூர் ஒரு சீட்டு, கோலாலம்பூர் – பாலி வேறொரு சீட்டு என்று தனித்தனியாக மலிவாக எடுத்திருந்தால், சாம்பலால் பாலியிலிருந்து கிளம்பும் விமானம் ரத்தாகி நீங்கள் பாலியிலேயே தங்க நேரும்போது, சென்னைக்குத் திரும்பும் விமானம் குறித்த நேரத்தில் உங்களை விட்டுவிட்டுப் புறப்படும். அந்த நிறுவனம் உங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை, ஏனென்றால் அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி. எல்லாம் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும், இரண்டாயிரம் ரூபாய் கூடுதலானாலும் சரி. விமான நிலையம் மூடப்பட்டு விசா முடியும் நிலை வந்தால், நிறுவனத்திடமிருந்து ரத்துக் கடிதம் வாங்கிக்கொண்டு, விசா காலாவதியாகும் முன்பே குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். 'எல்லாருக்கும் தெரிந்த வெடிப்புதானே' என்று விமான நிலையக் கவுன்ட்டரில் விளக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

பயணக் காப்பீட்டை எப்போது வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தே அது பயன்படும். மலை வெடித்த செய்தி வெளியான பிறகு வாங்கிய பாலிசியை, அந்த வெடிப்பைப் பொறுத்தவரை 'முன்பே தெரிந்த நிகழ்வு' என்று சொல்லிப் பெரும்பாலான நிறுவனங்கள் ஒதுக்கிவிடும். விமானச் சீட்டு எடுத்த அன்றே காப்பீட்டையும் எடுங்கள்.

நான் அதிகம் வருந்திய வழக்கு எரிமலையில் நடந்ததல்ல, வாடகை ஸ்கூட்டரில் நடந்தது. திருமணமான மூன்றாவது வாரம் பாலிக்குப் போன ஓர் இளைஞர் சறுக்கி விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டார். சர்வதேச ஓட்டுநர் அனுமதி அவரிடம் இருந்தது. ஆனால் அவருடைய இந்திய உரிமம் காருக்கு மட்டுமானது. அதனால் சர்வதேச அனுமதியிலும் கார் வகை மட்டுமே பதிவாகியிருந்தது. ஸ்கூட்டரை வாடகைக்கு விட்டவர் எந்தக் காகிதத்தையும் கேட்கவில்லை, காப்பீட்டு நிறுவனம் எல்லாக் காகிதங்களையும் கேட்டது. உரிய உரிமமின்றி ஓட்டினார் என்று கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மருத்துவச் செலவு முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

அனுமதி பெறுவது கடினமில்லை, பெறும் வழிதான் அலைக்கழிக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு படிவம் 4ஏ வழியாக விண்ணப்பித்து, 1,000 ரூபாய் கட்ட வேண்டும். அனுமதி ஓராண்டுக்குச் செல்லும், அதற்குள் மூல உரிமம் முடிந்தால் இதுவும் முடியும். பாலிக்கு விசாவைப் பலர் அங்கே போய் இறங்கிய பிறகுதான் பெறுகிறார்கள். ஆனால் விசா நகல் இல்லாமல் விண்ணப்பத்தை வாங்க மாட்டோம் என்று ஓர் அலுவலகத்தில் என் எதிரிலேயே ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். 2022 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, வந்திறங்கியதும் விசா தரும் நாடுகளை மனத்தில் வைத்தே விசா நிபந்தனையை நீக்கிவிட்டது. செல்லத்தக்க உரிமம் வைத்திருப்பவர் மீண்டும் மருத்துவச் சான்றும் தர வேண்டியதில்லை. அந்த அறிவிக்கையை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். விதி மாறிய செய்தி மேசைக்கு வந்து சேர ஆண்டுகள் ஆகின்றன, உங்கள் விமானம் அதுவரை காத்திருக்காது. அனுமதி கையில் வந்ததும் அதில் இருசக்கர வாகன வகை முத்திரையிடப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அசல் இந்திய உரிமத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள், பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள்.

ஊர் மரியாதையும் பாலியில் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2023இலும் 2025இலும் ஆளுநர் வெளியிட்ட சுற்றறிக்கைகள், செய்ய வேண்டியவற்றையும் கூடாதவற்றையும் பட்டியலிடுகின்றன: கோயிலில் அடக்கமான உடை, உரிமம் பெற்ற வழிகாட்டி, அங்கீகரிக்கப்பட்ட நாணய மாற்றுக் கடை, புனித மரங்களில் ஏறாமை. நம்மவர்கள் தடுமாறும் இடம் வேறு. 'நாமும் இந்துக்கள்தானே' என்று பிரகாரத்தைக் கடந்து உள்ளே நடந்துவிடுகிறார்கள். ஆகுங் மலைச் சரிவிலுள்ள பெசாகி உட்பட, பாலிக் கோயில்களின் உட்பகுதி வழிபட வந்தவர்களுக்கு மட்டுமே உரியது; அவர்களும் பாலி மரபுடையில்தான் வர வேண்டும். வழிபட விரும்பினால் கோயில் பூசாரியிடம் கேளுங்கள், வாசலில் நிற்பவர் தலையசைத்ததை அனுமதியாகக் கொள்ளாதீர்கள். மாதவிலக்கில் இருக்கும் பெண்கள் கோயிலுக்குள் போகக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையைப் பல இடங்களில் காண்பீர்கள்; அதன் நியாயத்தை வாசலில் நின்று வாதிட்டு எதுவும் ஆகப்போவதில்லை. நடைபாதையில் பூவும் சாதமும் வைத்த சிறு ஓலைத் தட்டுகள் கிடக்கும். அவை கானாங் சாரி என்னும் படையல்கள். தாண்டியும் மிதித்தும் போகாமல் சுற்றிப் போங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் ஞெப்பி எந்த நாளில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். பாலி நாட்காட்டியின் மௌனப் புத்தாண்டான அன்று காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை விமான நிலையமே மூடப்பட்டிருக்கும். சாலையில் எவரும் நடமாடக் கூடாது, பயணிகளும் விடுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். சாப்பாட்டை விடுதியில் முந்தின நாளே சொல்லி வையுங்கள், கடை எதுவும் திறந்திருக்காது. இரவில் உங்கள் அறை வெளிச்சம் தெருவுக்குத் தெரிந்தால் பெச்சாலாங் எனப்படும் ஊர்க்காவலர் விடுதி வாசலுக்கு வந்து சொல்வார். திரையை இழுத்து மூடிவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள்.