ரா ஃபைல்: கச்சாவா, மூலமா, பச்சையா?

கேமரா வைத்திருக்கும் இரண்டு பேர் மதுரையில் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் “ராவுல எடுத்தியா, ஜேபெக்லயா?” என்ற கேள்விக்கு வந்துவிடும். கேமரா படத்தைச் சேமிக்கும் இரண்டு வகை ஃபைல்கள் இவை. கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் ‘ரா’ மேல் ஒரு மரியாதை இருக்கும். பெரிய ஃபைல், தொழில்முறைக்காரர்கள் எடுப்பது, எடுத்தால் படம் நன்றாக வரும் என்கிற அளவில். சொல்லின் நேர்ப்பொருளைத் தெரிந்துகொண்டவர்கள் அதை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பயன்படுத்துவார்கள்.

முதலில், ‘ரா’ ஓர் எழுத்துச்சுருக்கம் இல்லை. ஆங்கிலத்தில் மூன்று பெரிய எழுத்துகளாக எழுதும் வழக்கம் பரவிவிட்டதால் இதற்கும் ஒரு விரிவு இருக்கும் என்று தேடுகிறவர்கள் உண்டு. ஜேபெக்குக்கு விரிவு இருக்கிறது; 1992இல் அந்தத் தரத்தை வகுத்த நிபுணர் குழுவின் பெயர்ச்சுருக்கம் அது. 1968இல் தொடங்கிய நம் உளவு நிறுவனம் ‘ரா’வுக்கும் விரிவு இருக்கிறது. கேமராவின் ‘ரா’ வெறும் ஆங்கிலப் பெயரடை: வேகாத, சமைக்காத, பதப்படுத்தாத. அது ஒரே ஒரு ஃபைல் வகையின் பெயரும் இல்லை. நிக்கானில் என்இஎஃப், கேனனில் சிஆர்2 அல்லது சிஆர்3, சோனியில் ஏஆர்டபிள்யூ, ஃபுஜியில் ஆர்ஏஎஃப் என்று ஃபைல் பெயரின் கடைசியில் ஆளுக்கொரு வால். எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அடோபி 2004இல் கொண்டுவந்த டிஎன்ஜியும் இந்தக் குடும்பம்தான்.

சரி, அதில் எது வேகாமல் இருக்கிறது? கேமராவுக்குள் ஒளியை வாங்கும் தகடான சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே அளக்கும். நிறம் அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒரு வடிகட்டியை வைத்திருப்பார்கள். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றைய பெரும்பாலான கேமராக்களில் இருப்பதும் இதுதான். பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். நம் கண் நுணுக்கங்களைப் பச்சை சார்ந்த ஒளியில்தான் அதிகம் பிடிக்கும் என்பதால் பச்சைக்கு இரட்டிப்புப் பங்கு. ரா ஃபைலுக்குள் இருப்பது இந்த அளவுகள்தான். கூடவே ஷட்டர், லென்ஸ் பற்றிய குறிப்புகளும், பின்பக்கத் திரையில் காட்டுவதற்கு ஒரு சின்ன ஜேபெக்கும் இருக்கும்.

ஜேபெக்கில் எடுக்கும்போது இந்த அளவுகளைக் கேமராவே சமைத்துவிடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் இல்லாத இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சமன்செய்வது) போட்டு, கான்ட்ராஸ்ட் ஏற்றி, கூர்மை கூட்டி, புள்ளிபுள்ளியான இரைச்சலைத் தேய்த்து, கடைசியில் நிறத்துக்கு 256 படிகளாகக் குறைத்து, மிச்சத்தை எறிந்துவிடும். 12 பிட் ராவில் அந்தப் படிகள் 4,096. 14 பிட் என்றால் 16,384. இருட்டான பகுதியைக் கம்ப்யூட்டரில் இழுத்து வெளிச்சமாக்கும்போது ஜேபெக் பட்டைபட்டையாகப் பிளந்துபோவதும் ரா தாங்குவதும் இதனால்தான்.

ஆங்கிலச் சொல்லின் ஊர் எது என்றால், பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்ரேயவ்’ என்பது போல ஒலித்த சொல் அது; சமைக்காத என்று பொருள். அதன் வேர் பச்சை இறைச்சியைக் குறித்தது. இதே வேரிலிருந்து வந்ததுதான் லத்தீனின் ‘குரூடுஸ்’. அதிலிருந்து ‘குரூட் ஆயில்’. சமஸ்கிருதத்தில் பச்சை இறைச்சிக்கு ‘கிரவ்ய’ என்றொரு சொல் இருக்கிறது, அதுவும் பங்காளிதான். ஆக, குரூடும் ராவும் ஒரு தாய் மக்கள்.

இந்த உறவை வைத்துத்தான் தமிழில் சிலர் ‘கச்சா’ என்கிறார்கள். குரூட் ஆயிலுக்குக் கச்சா எண்ணெய் என்று பத்திரிகைகள் எழுதிப் பழக்கிவிட்டன. அதனால் ‘கச்சா கோப்பு’. எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. கச்சா, இந்தியின் கச்சா-பக்கா ஜோடியில் பாதி. எண்ணெயையும் மூலப்பொருளையும் தாண்டி அது தமிழ்ப் பேச்சுக்குள் வரவில்லை. நம் ஊரில் யாரும் கச்சா அரிசி வாங்குவதில்லை. ஜோடியின் மற்ற பாதி நன்றாகவே வேரூன்றிவிட்டது என்பது வேறு விஷயம்: ‘பக்கா’வும், வேகவைத்தது, பழுத்தது என்ற பொருளுடைய சமஸ்கிருத ‘பக்வ’விலிருந்து வந்ததுதான், நம் ‘பக்குவ’மும் அதே.

அடுத்து ‘மூலக்கோப்பு’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருள் வழுக்குகிறது. மூலம் என்றால் ஒரிஜினல். ஜேபெக்கில் எடுத்தவருக்கு அந்த ஜேபெக்தான் மூலம். ‘செப்பமிடாப் படிமம்’ மாதிரியான ஆக்கங்கள் பொருளில் சரி, வாயில் நிற்காது.

என் ஓட்டு ‘பச்சை’க்கு. மளிகைக் கடைப் பையில் ஆங்கிலத்தில் ‘ரா ரைஸ்’ என்று அச்சிட்டதைத்தானே நாம் பச்சரிசி என்று கேட்டு வாங்குகிறோம்? மொழிபெயர்ப்பு எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. பச்சைப்பால், பச்சைத்தண்ணீர், பச்சைக் காய்கறி, சுடாத பச்சைமண், ஆறாத பச்சைப்புண், பிறந்த பச்சைப்பிள்ளை எல்லாவற்றிலும் இன்னும் எதுவும் செய்யப்படாத நிலை என்ற பொருள்தான். புதிய வழக்கும் இல்லை. குறளில் 660ஆவது பாட்டில் வரும் ‘பசுமட்கலம்’ சூளையில் வேகாத மண்பானை. பசுமை, இந்தப் ‘பசு’, பச்சை, பாசி எல்லாம் ஒரே வேர். பச்சரிசியில் சோறும் வடிக்கலாம், மாவாக இடித்துப் புட்டும் அவிக்கலாம், பொங்கலும் வைக்கலாம். வடித்த சோற்றை எதற்கும் திருப்ப முடியாது. ராவுக்கும் ஜேபெக்குக்கும் உள்ள வித்தியாசத்தை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ‘பச்சைப் படம்’ என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பச்சையாகப் பேசுவது என்பதற்கு வேறு பொருள் இருக்கிறதே! அதனால் ‘படம்’ வேண்டாம். பதிவானது இன்னும் படமாக ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல ‘பச்சைப்பதிவு’ போதும். இன்னொரு பொருத்தமும் தானாக அமைந்திருக்கிறது. ஒயிட் பேலன்ஸ் எதுவும் போடாமல் ரா அளவுகளை அப்படியே படமாக்கிப் பார்த்தால், சென்சார் பச்சை வடிகட்டி வழியாகத்தான் அதிக ஒளியைப் பதிவுசெய்கிறது என்பதால், படம் முழுக்க நிஜமாகவே பச்சை அடிக்கும்.

இனி உபயோகத்துக்கு வரலாம். பச்சைப்பதிவின் முதல் லாபம் ஒயிட் பேலன்ஸ். ராவில் அது சமைக்கப்படுவதில்லை. ஒரு குறிப்பாக மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு எந்தச் சேதமும் இல்லாமல் மாற்றலாம். சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவதை எடுக்கப் போகிறவர்களுக்கு இது உயிர்நாடி. அன்றைக்கு ஊரே பார்ப்பது அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதைத்தான். பச்சைப் பட்டு என்றால் அந்த வருஷம் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. அந்தப் பட்டின் பச்சை சரியாக வர வேண்டும். ஆனால் அங்கே இருக்கும் வெளிச்சமோ ஒரு கதம்பம்: விடியும்முன் வானத்தின் நீலம், பாலத்து விளக்கு, டிவிக்காரர்களின் லைட், தங்கக் குதிரையில் பட்டுத் தெறிக்கும் மஞ்சள். கேமராவின் ஆட்டோ இதில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முடிவெடுக்கும். ஜேபெக்கில் அந்த முடிவு வெந்துவிட்டது. ராவில் நிதானமாக வீட்டில் உட்கார்ந்து திருத்தலாம்.

திருத்தும்போது, வெள்ளையாக இருக்கும் ஏதாவது ஒன்றை, ‘இதுதான் நடுநிலை நிறம்’ என்று மென்பொருளுக்குக் காட்டும் ஐ-டிராப்பரால் தொடுவது வழக்கம். பக்கத்தில் நிற்பவரின் வேட்டியைத் தொட்டுவிடாதீர்கள். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி உண்மையில் நீலச்சாயல் கொண்டது. அதை நடுநிலை என்று மென்பொருளிடம் சொன்னால் அது மஞ்சளைக் கூட்டிவிடும். ஒரு சாம்பல் நிற அட்டை பையில் இருந்தால் அங்கே போனதும் ஒரு படம் அதை எடுத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: சோடியம் விளக்கின் மஞ்சளில் மட்டும் நின்ற பட்டுத்துணியின் பச்சையை ரா கூட முழுதாக மீட்காது. அந்த ஒளியில் பச்சை மிகவும் குறைவு, இல்லாததை எந்த ஃபைலும் பதிவு செய்யாது. கொஞ்சம் விடியும்வரை காத்திருப்பதுதான் வழி. (கள்ளழகர் வேஷமிட்டவர்கள் பீய்ச்சும் தண்ணீருக்கு ராவும் தெரியாது ஜேபெக்கும் தெரியாது, கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டிவிடுங்கள்.)

இரண்டாவது லாபம் வெளிச்சமும் நிழலும் ஒன்றாக வரும் இடங்களில். 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலைப் போல இதற்குப் பயிற்சிக்கூடம் கிடையாது. நடுமுற்றத்தில் வெயில் கொளுத்தும், சுற்றியுள்ள வளைவுகளுக்குக் கீழே இருட்டு. முற்றத்துக்கு அளந்தால் தூண்களின் உள்பக்கம் கறுத்துவிடும், தூணுக்கு அளந்தால் வானம் வெளிறிவிடும். ராவில் எடுப்பவர் வானம் வெளிறாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியின் அளவை, குறைத்து எடுத்து, இருட்டைப் பிறகு தூக்க வேண்டும். ஐஎஸ்ஓ (ஒளியைக் கூட்டிக்காட்டும் அமைப்பு) 100, 200இல் எடுத்திருந்தால் இரண்டு மூன்று ஸ்டாப் தாராளமாகத் தூக்கலாம்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு. இதைத் தலைகீழாகச் செய்தால் பயன் இல்லை. முழுதும் வெளிறிய இடத்தில் அளவே பதிவாகவில்லை, ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் அங்கே சாம்பல்தான் வரும்.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இதே விதி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கறுத்த சாக்கின் மேல் குவித்த மல்லியை ஆட்டோவில் எடுத்தால், கேமரா சாக்கைப் பார்த்துவிட்டுப் பூவை வெளுத்துவிடும். ஒரு ஸ்டாப்பாவது குறையுங்கள். வெளிறிய இடங்கள் கண்சிமிட்டும் எச்சரிக்கையை மெனுவில் போட்டுவையுங்கள். அந்த எச்சரிக்கையும், வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும் உள்ளிருக்கும் சின்ன ஜேபெக்கிலிருந்து கணக்கிடப்படுபவை. அதனால் லேசாகச் சிமிட்டினால் ராவில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்று அர்த்தம். ரொம்பச் சிமிட்டினால் போனது போனதுதான்.

ரா எதற்கு உதவாது? ஃபோகஸ் தவறியதற்கு, கை நடுங்கியதற்கு உதவாது. ஜல்லிக்கட்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர், மூன்றும் பகல் வெளிச்சத்தில் நடப்பவை, நிறம் தடுமாறாது. தொடக்கநிலைக் கேமராக்களில் ராவில் தொடர்ந்து சுட்டால் சில விநாடிகளில் பஃபர் என்ற தற்காலிக நினைவகம் நிரம்பி, காளை திமிலைச் சிலுப்பும் நேரம் பார்த்துக் கேமரா யோசிக்கத் தொடங்கிவிடும். ஜேபெக், ஷட்டர் 1/1000க்கு மேல், அவ்வளவுதான். மொபைலிலும் ‘ப்ரோ’ மோடில் ரா இருக்கிறதே என்று எப்போதும் அதையே போடாதீர்கள். மொபைல் சாதாரண மோடில் பல படங்களை எடுத்துச் சேர்த்து ஒன்றாக்குகிறது. வழக்கமான ஒற்றை ரா அதைவிட அதிக இரைச்சலோடுதான் வரும்.

புதிதாக ராவுக்கு மாறுகிறவர்களின் முதல் புகார், கேமராத் திரையில் பளிச்சென்று இருந்தது கம்ப்யூட்டரில் சப்பென்று இருக்கிறது என்பது. திரையில் பார்த்தது சமைத்த ஜேபெக், இது பச்சை. பயப்பட ஒன்றுமில்லை. டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். நிக்கான், கேனன் போன்ற நிறுவனங்களும் தங்கள் கேமராவுக்கான மென்பொருளைச் சும்மாவே தருகின்றன. லைட்ரூமுக்குச் சந்தா கட்டும் முன் இவற்றில் சில மாதம் பழகிப் பார்க்கலாம். ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், வெளிச்ச-இருட்டுச் சமன், பிறகு இரைச்சலும் கூர்மையும் என்ற வரிசை போதும். நிறத்தின் அடர்த்தியான சாச்சுரேஷனைக் கடைசிவரை தொடாமலே இருந்தாலும் நஷ்டமில்லை. சித்திரை வீதியிலிருந்து எடுத்த கோபுரத்துச் சுதைகளுக்கு அடித்திருக்கும் வண்ணமே தாராளம். செய்த திருத்தங்கள் டார்க்டேபிளில் எக்ஸ்எம்பி, ராதெரபியில் பிபி3 என்ற தனிச் சிறு ஃபைலில் உட்காரும். ராவை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் வேலை மறுபடி முதலிலிருந்து. 24 மெகாபிக்சல் ரா ஒன்று 20 முதல் 30 எம்பி வரை பிடிக்கும் என்பதால் டிஸ்க் செலவையும் கணக்கில் வையுங்கள். பிரிண்ட் லேபுக்குக் கொடுக்க எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் ஜேபெக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

சொல்லைப் பற்றி இன்னும் ஒன்று. கல்யாண வீடுகளில் “அண்ணே, ரா எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துருங்க” என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்காத, திருத்தாத ஜேபெக் படங்களை. வீடியோக்காரரிடம் கேட்டால் வெட்டாத ஃபுட்டேஜ் என்று அர்த்தம். சொல்லியபடி என்இஎஃப் ஃபைல்களைப் போட்டுக் கொடுத்தால், வீட்டு டிவியில் ஒன்றும் திறக்கவில்லை என்று மறுநாளே போன் வரும். அட்வான்ஸ் வாங்கும்போதே எந்தப் பொருளில் கேட்கிறார்கள் என்று கேட்டு, ரசீதிலேயே ‘திருத்தாத ஜேபெக்’ என்றோ ‘பச்சைப்பதிவு’ என்றோ எழுதிக்கொள்ளுங்கள்.