மொனார்க் இறக்கையில் ஒட்டிய எண்

கனடாவின் தென்பகுதியிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஆகஸ்ட் கடைசியில் கூட்டைப் பிளந்து வெளிவரும் மொனார்க் வண்ணத்துப்பூச்சி, தன் பெற்றோரைப் போல உடனே இணை தேடுவதில்லை. பகல் சுருங்குகிறது, இரவு குளிர்கிறது, தின்று வளர்ந்த செடியும் முற்றிவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்து அதன் உடலில் ஒரு ஹார்மோனைக் குறைத்துவிடுகின்றன. இனப்பெருக்க உறுப்புகள் வளராமல் நிற்கின்றன. கோடையில் பிறந்தவை இரண்டு முதல் ஆறு வாரத்தில் மடிந்துபோக, இது எட்டு மாதம்கூட உயிரோடு இருக்கும். அரை கிராம் எடையுள்ள இந்தப் பூச்சி வழியெல்லாம் பூந்தேன் குடித்துக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு தெற்கே பறக்கிறது. அது போய்ச் சேரும் இடம் மெக்சிகோவின் மிச்சோவகான் பகுதி மலைகளில், ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓயமேல் ஃபிர் மரக்காடு. பயணம் சில பூச்சிகளுக்கு 4,000 கிலோமீட்டரைத் தாண்டும்.

அந்தக் காட்டை இந்தப் பூச்சி முன்பின் பார்த்ததில்லை. அதன் தாயும் பார்த்ததில்லை. போன குளிர்காலத்தை அங்கே கழித்தவை மார்ச்சில் வடக்கே கிளம்பி, டெக்சஸ் பக்கம் முட்டையிட்டுவிட்டு இறந்துபோயின. அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் செடி துளிர்க்கத் துளிர்க்க வடக்கே நகர்ந்தன. இப்போது தெற்கே திரும்புவது மூன்றாம், நான்காம் தலைமுறை. புழுக்கள் தின்பது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த, பால் வடியும் செடிகளை மட்டும்தான். நம் ஊர் எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியனும் மொனார்க்கும் ஒரே பேரினம்.

வழிகாட்டி யார்? சூரியன்தான். ஆனால் சூரியன் காலையில் ஒரு பக்கமும் மாலையில் இன்னொரு பக்கமும் இருப்பதால், மணி என்ன என்று தெரிந்தால்தான் திசை தெரியும். அந்தக் கடிகாரம் பூச்சியின் உணர்கொம்பில் இருப்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உணர்கொம்பில் கறுப்புச் சாயம் பூசியபோது வெளிச்சம் உள்ளே போகவில்லை, பூச்சி தவறான திசையில் பறந்தது. நிறமற்ற சாயம் பூசியவை சரியாகவே தெற்கே பறந்தன. 2013இல் வந்த மற்றொரு சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். இலையுதிர் காலத்தில் பிடித்த பூச்சிகளை 24 நாள் குளிரில் வைத்து வெளியே எடுத்தால் வடக்கே திரும்பின. குளிர் படாதவை மார்ச் மாதத்திலும் தெற்கேயே போகப் பார்த்தன. அந்த மலைக் குளிர் படாவிட்டால் திரும்பும் திசை மாறுவதே இல்லை.

இவை எங்கே போகின்றன என்ற கேள்விக்கு விடை தேடி டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பிரெட் அர்குஹார்ட் 1937இல் ஆய்வைத் தொடங்கினார். மனைவி நோராவும் பிறகு சேர்ந்துகொண்டார். அடையாளம் காண இறக்கையில் எண்ணிட்ட சீட்டு ஒட்டிப் பறக்கவிடுவதே அவர்கள் வழி. முதலில் ஒட்டிய காகிதச் சீட்டுகள் மழையில் கழன்று விழுந்தன. கடைகளில் விலை ஒட்டப் பயன்படும் பசை கிடைத்ததும் வேலை சூடுபிடித்தது. இருவரால் ஒரு கண்டத்தைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பதால் 1952இல் பொதுமக்களை உதவிக்கு அழைத்தார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் எண்ணிட்ட சீட்டுகளை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். கண்டெடுத்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடிய கோடுகள் டெக்சஸோடு மங்கிப்போயின. மெக்சிகோ செய்தித்தாள்களில் தகவல் கேட்டு எழுதினார் நோரா. அதைப் படித்துத் தேடக் கிளம்பிய கென் பிரக்கரும், மிச்சோவகானில் பிறந்த கத்தலீனா அகுவாதோவும் 1975 ஜனவரியில் அந்தக் காட்டைக் கண்டார்கள். மலையடிவாரத்து மக்களுக்கு அந்தக் கூட்டம் காலங்காலமாகத் தெரியும். அவை எங்கிருந்து வருகின்றன என்பதுதான் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஜனவரியில் அர்குஹார்ட் அங்கே போயிருந்தபோது, பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்தவற்றில் ஒன்றின் இறக்கையில் வெள்ளைச் சீட்டு இருந்தது. மின்னசோட்டாவில் ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் முந்தைய ஆகஸ்டில் ஒட்டியது அது.

இன்று இந்த வேலையை நடத்துவது, 1992இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சிப் டெய்லர் தொடங்கிய மொனார்க் வாட்ச். சீட்டு சட்டைப் பொத்தானை விடச் சிறியது, எடை சுமார் 10 மில்லிகிராம். வலையில் சிக்கிய பூச்சியின் நான்கு இறக்கைகளையும் மூடியபடி விரல்களுக்கிடையே பிடிக்க வேண்டும். பின்னிறக்கையின் அடிப்பக்கம் நடுவில், நரம்புகளால் சூழப்பட்ட பெரிய கட்டம் ஒன்று இருக்கும். அதில் சீட்டை வைத்து ஓரிரு நொடி அழுத்தினால் போதும். உடலின் மையத்துக்கு அருகே இருப்பதால் பறப்பதற்கு இடைஞ்சல் இல்லை. பின்னிறக்கை நரம்பில் கரும்புள்ளி இருந்தால் ஆண். எண், தேதி, ஊர், பாலினம் எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

மறுமுனையில் சீட்டைத் தேடுவது மெக்சிகோ கிராமத்தார். குளிர்காலத்தில் செத்து விழுந்த பூச்சிகள் காட்டுத் தரையில் கம்பளமாகக் கிடக்கும். அதைக் கிளறிச் சீட்டுகளைப் பொறுக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பணம் தரப்படுகிறது. ஒரு சீட்டுக்காக ஆயிரக்கணக்கான பூச்சிகளைப் புரட்ட வேண்டியிருக்கும். ஒட்டுபவர்களைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். இவர்கள் இல்லாவிட்டால் அந்த எண்களுக்குப் பொருளே இல்லை.

வசந்தத்தில் வேறு வேலை. 1994இல் தொடங்கிய ஜர்னி நார்த் திட்டத்தில், தங்கள் ஊரில் முதல் மொனார்க்கைக் கண்ட நாளைத் தன்னார்வலர்கள் பதிவு செய்கிறார்கள். அந்தப் புள்ளிகள் வாரவாரம் வடக்கே ஏறுவதைப் பார்த்தே தலைமுறைகளின் நகர்வைக் கணிக்கிறார்கள்.

காட்டில் பூச்சிகளை எண்ண முடியாது. அவை அடைந்திருக்கும் பரப்பைத்தான் அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, 2013-14இல் 0.67 ஆகச் சுருங்கியது. களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளமும் சோயாவும் வந்தபின் வயல்களில் இருந்த பால்செடிகள் அழிந்தது இதற்கு ஒரு பெரிய காரணம். மலையில் மரம் வெட்டப்பட்டதும் சேர்ந்துகொண்டது, ஏனென்றால் மேலே கிளைகள் அடர்ந்திருந்தால்தான் மழையும் உறைபனியும் பூச்சிமேல் நேராக இறங்காது. 2024-25இல் பரப்பு 1.79 ஹெக்டேர்.

ஒட்டிய சீட்டு தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே சொல்லும், நடுவில் நடந்ததைச் சொல்லாது. அந்தக் குறையைத் தீர்க்க, சூரிய ஒளியில் இயங்கும் சிறு ரேடியோ வில்லைகளை இப்போது முதுகில் ஒட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அருகில் இருக்கும் கைபேசிகளே சமிக்ஞையைப் பிடித்துவிடும். விலை அதிகம் என்பதால் சில நூறு பூச்சிகளுக்கே கட்டுப்படியாகிறது. எத்தனை பூச்சிகள் பிழைத்து வந்து சேர்ந்தன என்று கணக்கிட ஆயிரக்கணக்கான எண்கள் வேண்டும், அதற்கு இன்னும் அந்தச் சீட்டுதான்.