மனை வாங்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

ஓசூர் பக்கம் மனை பார்க்கிறவர்கள் பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் அலசுவார்கள். அந்த சர்வே எண் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் எந்த நில உபயோக வகையில் வருகிறது என்று கேட்பவர் குறைவு. வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பது முதலில் அதைப் பொறுத்தது. பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் சரி.

1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி தயாராகும் முழுமைத் திட்டம், நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று பிரிக்கிறது. எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்பதை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. நோக்கத்தில் குறையில்லை. சிப்காட் வந்து வளர்ந்த ஊரில் ஆலைச் சுவரை ஒட்டிக் குழந்தைகள் தூங்கக் கூடாது, விளைநிலம் காலியாகிவிடக் கூடாது.

ஆனால் குடியிருப்பு என்று குறித்த இடத்தில் விலை ஏறிவிடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அதே செம்மண் மலிவு. ஷிஃப்ட் முடிந்து வாடகை வீட்டுக்குத் திரும்புகிறவர் எதை வாங்குவார்? புரோக்கர் "பஞ்சாயத்து அப்ரூவல் சார்" என்பார், கேழ்வரகுக் கொல்லையில் கல் நட்டிருக்கும். காப்பாற்ற நினைத்த விளைநிலமே முதலில் போகிறது, அதுவும் சாலை, சாக்கடை இல்லாமல். முறையான மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டும். இங்கே அதை யார் விடுவார்கள்?

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. 20.10.2016க்கு முந்தையவற்றை முறைப்படுத்த 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது, அப்புறம் கால நீட்டிப்புகளும் வந்தன. வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு அது தேவைதான். ஆனால் "இன்னொரு முறையும் வரும் சார்" என்பதே இப்போது விற்பனைப் பேச்சாகிவிட்டது.

முழுமைத் திட்டம் எட்டாத தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் விதியே இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும்.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட 2024 முதல் சுயசான்றிதழ் முறையில் ஆன்லைனிலேயே அனுமதி உண்டு. கோளாறான மனையை அது நேராக்கிவிடாது. அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே எண்ணோடு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய் நில உபயோக வகையைக் கேளுங்கள். மனைப்பிரிவின் அங்கீகார எண்ணையும் அங்கேயே சரிபார்க்கலாம். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று புரோக்கர் இழுத்தால், அட்வான்ஸ் பணம் பையிலேயே இருக்கட்டும்.